மெஷினில் இரண்டாவது டிகாஷன்

இந்த ஊரில் காபி சரியாக வரவில்லை என்றால் கொட்டிவிடுகிறார்கள். யாரும் குடித்துப் பார்த்துக் குறை சொல்வதற்கு முன்பே. மெல்பர்னுக்கு வந்த புதிதில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்காகப் போட்ட காபியை அங்கிருந்த பெண் ஒரு பார்வை பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள், அப்படியே சிங்க்கில் ஊற்றிவிட்டு என்னிடம் ‘சாரி’ என்றாள். எனக்கு அப்போது இங்கிலீஷ் அவ்வளவாக வராது. நான்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து, நானும் ‘சாரி’ சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவள் பின்னாலேயே ஓடிவந்து வேறு காபியைக் கையில் கொடுத்தாள். மறுபடியும் ‘சாரி’ என்றாள். நானும் மறுபடியும் சொன்னேன். ஆரணியில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலே அன்றைக்குப் பூராவும் அதே பேச்சாக இருக்கும். போட்ட காபியைக் கொட்டுவது என்பதை நான் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. பிறகு என் வீட்டிலேயே தினமும் காலையில் அதைப் பார்த்தேன். கொட்டியது என் மகள் பவி.

பிள்ளைகளே, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீங்கள் படிப்பதற்காகப் பெற்றோர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தாருங்கள் என்று டீச்சர் கேட்டார். நான் படித்தது பன்னிரண்டாவது, அதற்கு மேல் ஐ.டி.ஐ. எனக்குத் தெரிந்தது வெல்டிங்கும் காபியும்தான். வெல்டிங்கைப் பற்றி எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் காபியைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் சில பேருக்கு அப்பா மட்டும் இங்கே முன்னால் வந்து, நீங்கள் பிறகு வந்திருப்பீர்கள். உங்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்.

பவிக்கு ஏழு வயது இருக்கும்போது நான் ஊரை விட்டுக் கிளம்பினேன். அதற்கு முன்னால் களம்பூர் ரைஸ் மில்களில் வெல்டிங் வேலை. முதலில் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடம், அங்கிருந்து மெல்பர்ன். இங்கே லாரிக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் செய்கிற கம்பெனியில் சேர்ந்தேன். என் மனைவி வசந்தாவும் பவியும் ஆரணியிலேயே இருந்தார்கள். அவர்களுக்கும் விசா வந்தது. ‘பவி பத்தாவது முடிக்கட்டும், வந்துடறோம்’ என்று வசந்தா சொன்னாள். பவி பத்தாவது எழுதுவதற்கு முன்பே வசந்தா போய்விட்டாள். காய்ச்சல் என்று வேலூருக்குக் கொண்டு போனார்கள். வழியில் கண்ணமங்கலம் தாண்டும்போது பேசிக்கொண்டுதான் இருந்தாளாம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவி விட்டிருந்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. அதை மட்டும்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பரீட்சையின்போதும் அதற்குப் பிறகும் பவி அவளுடைய சித்தி மலரிடம் இருந்தாள். மலர் வசந்தாவின் தங்கை, அதே வீட்டில் இருப்பவள். அந்த வருஷம் டிசம்பரில், லீவு கிடைத்த பிறகுதான், நான் போய்ப் பவியை அழைத்து வந்தேன். வாசலில் வண்டி ஏறும்போது மலர் என்னிடம் சொன்னது இதுதான்: “ஒரு வருசம் வெச்சிப் பாருங்க மாமா. புள்ளைக்கு ஒத்து வரலன்னா அனுப்பிடுங்க. பேஜார் பண்ணாதீங்க அவள. இங்க அவளுக்கு எடம் இல்லாம பூடல.”

பவி பின் சீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டாள். மெல்பர்னில் இறங்கியதும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஒரு வருசம்னா அடுத்த டிசம்பரா?” நான் ஆமாம் என்றேன். அவள் சரி என்றாள். அதோடு எங்களுக்குள் பேச்சு முடிந்துவிட்டது. அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். நானும் வேலைக்குப் போனேன், வந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி இருந்தோம்.

எனக்கும் ஒரு சங்கதி இருந்தது. நாக்கில் ருசி போய்விட்டது. உப்பு, உறைப்பு தெரியும். மற்றதெல்லாம் ஈரத் துணியை மெல்லுவது மாதிரி. டாக்டரிடம் போனேன். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தால் வருகிற புகையால் இருக்கலாம் என்றார். வேறு ஏதாவது நடந்ததா என்று கேட்டார். மனைவி தவறிவிட்டாள் என்றேன். “எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன், சனிக்கிழமையும் ஓவர்டைம் உண்டு என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. புகையா, மற்றதா, எதனால் ருசி போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மெஷின் வந்தது என்னோடு வேலை செய்கிற ஜார்ஜ் மூலமாக. கிரேக்க நாட்டு ஆள். அவன் மனைவி பெரிய காபி மெஷின் வாங்கிவிட்டாள் என்று பழையதை என் கையில் திணித்துவிட்டான். சின்ன அரிசி டப்பா உயரம், துருப்பிடிக்காத எஃகு. உள்ளே ஒரு பம்ப். கைப்பிடி வைத்த ஒரு கரண்டி மாதிரி இருக்கும், அதன் வாயில் சல்லடைக் கிண்ணம். அதில் தூளைப் போட்டு அழுத்தி, மெஷினில் மாட்டித் திருகி, பித்தானைத் தட்டினால் கொதிக்கும் தண்ணீர் பலமாகத் தூளுக்குள் புகுந்து, கீழே கறுப்பாக ஒரு மூடி அளவு இறங்கும். அதைத்தான் எஸ்பிரஸோ என்கிறார்கள். எனக்கு எஸ்பிரஸோ என்றால் கல்யாண மண்டபத்தில் புஸ்ஸென்று ஆவி விட்டுப் பாலை நுரைக்க வைத்து, மேலே சாக்லேட் பொடி தூவித் தருவார்களே, அதுதான். அந்தக் கறுப்பு மூடியைப் பார்த்து மெஷின் ரிப்பேர் என்று நினைத்தேன். ஜார்ஜிடமே திருப்பிக் கொண்டு போய்க் காட்டினேன். அவன் தானே ஒன்று போட்டு, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “பர்ஃபெக்ட்” என்றான்.

பவி ஆரணியிலிருந்தே காபிக்காரி. இங்கே பாட்டில் காபித்தூளைக் கரைத்துக் கொடுத்தேன், தொடவில்லை. மெஷினில் போட்டுக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தாள். முகம் சுருங்கியது.

“இன்னாம்மா?”

“புளிக்குதுப்பா.”

சிங்க்கில் கொட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த டிசம்பர் கேள்விக்குப் பிறகு, மனதில் இருந்ததை அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. மறுநாளும் போட்டேன். மறுநாளும் ஒரு வார்த்தை கிடைத்தது. எனக்கு ருசி தெரியாது, அவளுக்கு மெஷின் தெரியாது. கை என்னுடையது, நாக்கு அவளுடையது. இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் எஸ்பிரஸோ போடக் கற்றோம்.

சூப்பர்மார்க்கெட் தூள் கரகரப்பாக இருந்தது. பித்தானைத் தட்டியதும் சர்ரென்று இறங்கிவிடும். தண்ணீர் அவசரமாக ஓடினால் புளிப்பு. சரி என்று டான்டினாங்கில் இருக்கிற இந்தியக் கடையில் நம்ம ஊர் பில்டர் காபித்தூள், சிக்கரி கலந்தது, வாங்கி வந்து நெருக்கி அழுத்திப் போட்டேன். பம்ப் முனகியது. சொட்டுக்கூட வரவில்லை. கடைசியில் தார் மாதிரி இரண்டு சொட்டு. சிக்கரி ஈரம் பட்டதும் பசையாகிச் சல்லடையை அடைத்துவிட்டது. “கருகிப் போன வாசனைப்பா” என்றாள் பவி. அன்றைக்கு அவள் பேசியது ஒரு முழு வாக்கியம்.

பிறகு காபிக்கொட்டை வறுத்து விற்கிற கடைக்குப் போனேன். ஆரணியில் காபித்தூள் கடைக்குப் போனால், சிக்கரி எவ்வளவு போடணும் என்று அவர்களே கேட்பார்கள். இங்கே அந்தப் பெண் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நானே “சிக்கரி?” என்றேன். அவள் யோசித்துவிட்டு, தெருக் கோடியில் இருக்கிற காய்கறிக் கடையைக் காட்டினாள். போனேன். ஒரு கட்டுக் கீரையைக் கொடுத்தார்கள். காபியில் சேர்ப்பது அந்தச் செடியின் வேரை வறுத்த பொடி என்று எனக்கு அப்போது தெரியாது. நான் பேசாமல் வாங்கி வந்துவிட்டேன்.

“இன்னாப்பா இது?”

“சிக்கரியாம்.”

“கீரைப்பா இது. காபில போட்டுக் கடையப் போறியா?”

அன்றைக்கு அவள் சிரித்தாள் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை. வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. அந்தக் கீரையைப் பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். கசந்தது என்று அவள்தான் சொன்னாள்.

அப்புறம் கொட்டையாக வாங்கிக் கையால் சுற்றுகிற சின்ன அரவை மெஷினில் நாங்களே அரைத்தோம். மெல்லிசாக அரைத்தால் தண்ணீர் நின்று நின்று இறங்கிக் கசக்கும். பருமனாக அரைத்தால் ஓடிப் புளிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. திருகாணியைத் துளி துளியாகத் திருப்பித்தான் அதைப் பிடிக்க முடியும். வறுத்து ரொம்ப நாளான கொட்டை என்றால் எந்த இடத்திலும் பிடிபடாது. தூளை அழுத்தும்போது ஒரு பக்கம் சாய்ந்தாலும் போச்சு. தண்ணீர் இளகின பக்கமாக வழி கண்டுபிடித்து அதிலேயே ஓடிவிடும். அந்த இடம் மட்டும் வெந்து கசக்கும், மற்ற இடம் நனையாமல் கிடக்கும். டேங்கை வெல்டிங் செய்துவிட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கும்போது ஊசித்துளை இருந்தால் அங்கேதான் முதலில் கசியும். இதுவும் அதுதான். கைப்பிடியையும் கப்பையும் முன்கூட்டியே சூடு பண்ணினால் இன்னும் நன்றாக வரும் என்று ஜார்ஜ் சொன்னான். பித்தானைத் தட்டியதிலிருந்து அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, எலி வால் மாதிரி மெல்லிசாக, தேன் நிறத்தில் இறங்க வேண்டும். பிள்ளைகளே, நீங்கள் பெரியவர்களாகி மெஷின் வாங்கினால் இது உதவும்.

குளிர்காலத்தில் ஒருநாள் அப்படி இறங்கியது. மேலே செம்பழுப்பு நுரை கட்டி நின்றது. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தேன். பவி குடித்தாள். இரண்டாவது மிடறும் குடித்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

“நல்லாருக்கு,” என்றாள். “கடைல குடுக்கற மாதிரியே இருக்கு.”

“அப்ப கொட்டாத.”

“கொட்டல. ஆனா அது இல்லப்பா.”

எது என்று நான் கேட்கவில்லை. வசந்தா போடுகிற காபி என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நான் கொட்டையை மாற்றினேன், பாலை மாற்றினேன், சர்க்கரையைக் கூட மாற்றிப் பார்த்தேன். தினமும் காபி நன்றாகத்தான் இருந்தது. தினமும் அது இல்லை. இதற்குள் டிசம்பர் டிக்கெட்டைப் பற்றி அவள் ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். சீக்கிரம் எடுத்தால்தான் சீட் இருக்கும், ஜல்தி பண்ணுப்பா என்றாள். நான் ஏஜெண்டைக் கூப்பிட்டு எடுத்தேன். திரும்பி வருகிற தேதியைப் போடாமல் விடச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வேலை இல்லை, அவளுக்குப் பள்ளி இல்லை. வழக்கமாக அவள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகுதான் நான் எனக்குக் காபி போட்டுக்கொள்வேன். அன்றைக்கு இரண்டு பேருடையதும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. அவள் டி.வி.யைப் பார்த்தபடியே கை நீட்டி என் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டாள். குடித்தவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அப்படியே வைத்திருந்தாள்.

“இது யாருது?”

“என்னுது. வெச்சிடு, அது நல்லா இருக்காது.”

“இத எப்படிப் போட்ட?”

சொன்னேன். அவளுக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு எடுத்த பிறகு, அதே தூளில், மாற்றாமல், பித்தானை இன்னொரு தரம் தட்டி வருகிறதில் பால் விட்டு நான் எடுத்துக்கொள்வேன். இரண்டாவது டிகாஷன். இங்கே யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். ஜார்ஜ் பார்த்தால் மெஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவான். எனக்கு எதைக் குடித்தாலும் ஒன்றுதான், அப்புறம் எதற்குத் தூளைப் பாழாக்குவது. அதோடு, ஒரு தண்ணீர் மட்டும் விட்ட தூளைத் தூக்கிப்போட எனக்குக் கை வரவில்லை. எங்கள் வீடுகளில் அது கிடையாது.

பவி இன்னொரு மிடறு குடித்தாள். “இதாம்பா அது,” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். ஆரணியில் வசந்தா வீட்டில் பட்டுத் தறி உண்டு, புடவை பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கல்யாணத்துக்கு எடுக்கிறவர்கள் காரில் குடும்பத்தோடு வருவார்கள். முதல் டிகாஷன் அவர்களுக்கு. மிச்சம் இருந்தால் வீட்டு ஆண்களுக்கு. அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி, நிறைய பால் விட்டு, வசந்தா கடைசியாக உட்கார்ந்து குடிப்பாள். சின்னப் பிள்ளைக்குக் காபி கூடாது என்பதால் பவிக்குத் தனியாகக் கிடையாது. அம்மா டம்ளரிலிருந்து இரண்டு வாய் கிடைக்கும். பெரியவளான பிறகும் அவள் அந்த டம்ளரைத்தான் வாங்கிக் குடித்தாள்.

“எனக்குத் தெரிஞ்ச காபி அதாம்பா. நீ போடறது வந்தவங்க காபி.”

“உங்கம்மா நல்லாத்தான போடுவா. டிகாஷன் கெட்டியா…”

“உனுக்கு அது. நீ அம்மா டம்ளர்ல குடிச்சதே இல்லியா?”

நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை. அத்தனை வருஷத்தில் வசந்தா என்ன குடித்தாள் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளலாம் என்றால் நாக்கு இல்லை. பவி கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன். சூடு தெரிந்தது. அவ்வளவுதான்.

“எப்படி இருக்குது, சொல்லு,” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, எனக்குப் பாடம் சொல்வது மாதிரி சொன்னாள். முதலில் பால். அப்புறம் காபி இருக்கிற மாதிரி, இல்லாத மாதிரி. கசப்பே கிடையாது. கடைசியில் லேசாக மரத் துண்டை நக்கின மாதிரி. “சிக்கரி மட்டும் இல்ல. மத்தபடி கிட்ட வந்துட்டுது.”

அன்றைக்கு அவள் நிறைய பேசினாள். அம்மாவைப் பற்றி, நான் இல்லாத வருஷங்களைப் பற்றி. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், இரண்டு பேருக்குமே வரவில்லை. மறுநாளிலிருந்து முதல் டிகாஷன் எனக்கு, இரண்டாவது அவளுக்கு என்று மாற்றிக்கொண்டோம். அவள் கொட்டுவது நின்றது. ஆனால் டிக்கெட்டைப் பற்றி எதுவும் மாறவில்லை. நானும் கேட்கவில்லை. டிசம்பரில் ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போய் விட்டேன். உள்ளே போகும்போது, “வேளைக்குச் சாப்புடுப்பா” என்றாள். திரும்பி வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை.

அவள் போய் மூன்றாவது ஞாயிறு, மதியம் நான் போன் செய்தேன். ஆரணியில் அப்போதுதான் விடிந்திருக்கும். எடுத்தவள் குரலை அடக்கிப் பேசினாள்.

“ஏம்மா மெதுவா பேசற? ஒடம்பு சரியில்லியா?”

“காபி குடிச்சிகினு இருக்கேன்.”

“சித்தி போட்டாங்களா?”

“சித்தி போட்டது அப்பவே ஆச்சு. எனக்கு ஃபர்ஸ்ட் டிகாஷன் குடுக்கறாங்கப்பா. டபரா டம்ளர்ல. பொடவ பாக்க வர்றவங்களுக்குன்னு மேல் செல்ஃப்ல வெச்சிருப்பாங்கல்ல, அந்த டபரா. தட்டுல வெச்சி கொண்டாந்து குடுக்கறாங்க.”

“நீ கேட்டு வாங்கிக்கிறது தான, எனக்கு ரெண்டாவது போதும்னு?”

“கேட்டேன். திட்றாங்க. ‘வெளிநாட்லேர்ந்து வந்த புள்ளைக்குக் கழனித்தண்ணியவா குடுப்பாங்க, உங்கப்பாரு காதுல வுழுந்தா இன்னா நெனப்பாரு’ன்றாங்க. நாற்காலில குந்த வெச்சிட்டாங்கப்பா என்ன. பாத்திரம் கழுவ வுட மாட்றாங்க. எப்பத் திரும்பறன்னு தினம் கேக்கறாங்க. நல்லவிதமாத்தான் கேக்கறாங்க.”

“அப்ப இப்பக் குடிக்கறது?”

“சித்தி கடைக்குப் போயிருக்காங்க. பில்டர்ல அதே தூள்ல நானே தண்ணி ஊத்திகினேன். கதவு பின்னாடி நின்னுகினு குடிக்கிறேன்.”

அவள் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“டிக்கெட்டுக்குத் தேதி போட்டுடுப்பா. ஸ்கூல் தொறக்கறதுக்கு முந்தி.”

“சரி.”

“அடுத்த டிசம்பருக்கும் ஒண்ணு போட்டுடு. இங்க வர்றதுக்கு.”

“சரி.”

“இரு, கேட் சத்தம் கேக்குது. சித்தி வந்துட்டாங்க.”

போனை எங்கேயோ வைத்தாள், அணைக்கவில்லை. குழாய் திறக்கிற சத்தம் வந்தது. அவசரமாக ஒரு டம்ளரைக் கழுவுகிற சத்தம். பிறகு மலரின் குரல், “நீ ஏம்மா இதெல்லாம் பண்ற, போயி உக்காரு” என்றது.